வெள்ளைச் சீலையை மாற்றி எழுதினேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடம் யோசித்தேன். நோட்டை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. கோயில் வரலாறு எழுதிச் சாப்பிடுகிறவன் நான். நான் எழுதிய ஒரு கோயில் வரலாற்றில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால், அப்புறம் எந்த ஊர்க்காரர் என்னைக் கூப்பிடுவார்? அது ஒரு பயம். அந்த அம்மன் மேல் இருக்கிற பயம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. யாருக்காக எழுத வேண்டுமோ, அந்த அம்மா போன ஐப்பசியில் இறந்துவிட்டார்கள். இனி எழுதி என்ன என்று மனம் சொல்கிறது. எழுதாமல் சாமி கும்பிட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். படிப்பு முடிந்ததும் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். எந்த லாரி, என்ன லோடு, எந்த ஊர் என்று சீட்டு எழுதுகிற வேலை. மத்தியானம் லாரி வராத நேரத்தில் அந்தச் சீட்டுகளின் பின்பக்கம் கதை எழுதுவேன். பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். சிலது திரும்பி வரும், பலது வராது. என் பெயர் அட்டையில் போட்டு ஒரு புத்தகம் வர வேண்டும் என்று மலைக்குப் படியேறிப் போய் அர்த்தநாரீசுவரரிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் இன்று வரைக்கும் நிறைவேறவில்லை. அதில் குறையும் இல்லை.

கூட வேலை செய்த ஒருவரின் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதிக் கொடுத்தேன். அதை அச்சடித்த பிரஸ்காரருக்குப் பிடித்துப்போய் என்னைக் கூப்பிட்டு விட்டார். என்னைவிட இளையவர், இன்று வரைக்கும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் பிரஸ்ஸுக்குக் காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எழுத ஆரம்பித்தேன். நாலைந்து வருடத்தில் கும்பாபிஷேக மலர்கள் வந்தன. எங்கள் பக்கம் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கோயில் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்யும்போது மலர் போடுவார்கள். முக்கால் புத்தகம் நன்கொடை கொடுத்தவர்களின் போட்டோ. மிச்சம் இருக்கிற ஏழெட்டுப் பக்கத்துக்குக் கோயில் வரலாறு வேண்டும். அதை எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

புக்கிங் ஆபீசை விடப் போகிறேன் என்று சொன்ன அன்று என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, லோடு ஏத்துனாத்தான் லாரி ஓடும். நீங்க எதை ஏத்தி எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள்.

"சாமி காரியம்தான், படியளக்கும்" என்றேன்.

"சாமிக்குப் புஸ்தகம் படிக்க நேரம் எங்கீங்க இருக்குது" என்றாள். ஆனாலும் மறுநாள் காலையில் என் புது நோட்டுக்கு மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தது அவள்தான்.

வேலை இப்படி நடக்கும். ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்குவேன். பூசாரியை, வயதானவர்களை உட்கார வைத்துக் கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "எங்க அய்யன் காலத்துலயே இருந்துதுங்க" என்பார்கள். அது ஒரு வரி. எனக்கு ஏழு பக்கம் வேண்டும். அதனால் புற்று ஒன்று வரும், காராம்பசு ஒன்று தினமும் வந்து அதன் மேல் பாலைச் சொரியும், மேய்க்கிறவன் ஒளிந்திருந்து பார்ப்பான். கடைசியில் 'என்பது பெரியோர் வாய்மொழி' என்று போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்.

"இந்த ஊர்லயும் மாடு பாலைச் சொரிஞ்சுதுங்களா?"

"சொரிஞ்சுது."

"பாவம், எத்தனை ஊருக் கன்னுக்குட்டிகளப் பட்டினி போட்டீங்களோ."

சிரித்துக்கொள்வோம். பசு பால் சொரிந்ததாக எழுதினால் யாருக்கும் நட்டம் இல்லை என்று நினைத்தேன். சாமியின் பெருமையைத்தானே கூட்டிச் சொல்கிறோம், அதுவும் ஒரு தொண்டு என்றே நினைத்தேன்.

அந்த ஊர் நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் போகிற பக்கம், உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. படிக்கிற ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்தான் என்று தெரியும். அங்கே அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பங்குனியில் அந்த அம்மனுக்கு நோம்பி சாட்டினால், அதாவது திருவிழா அறிவித்தால், மாவிளக்கு எடுக்கிற அன்று முதல் விளக்கு ஒரு குறிப்பிட்ட வீட்டில் இருந்துதான் வர வேண்டும். அரிசி மாவில் பிடித்து நெய் ஊற்றி ஏற்றிய அந்த விளக்கை அந்த வீட்டு மூத்த மருமகள் தட்டில் வைத்துத் தலைமேல் எடுத்து வருவாள். அம்மனுக்கு முன்னால் அதை இறக்கி வைத்த பிறகு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் விளக்கை அதில் இருந்துதான் பற்ற வைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு இந்த மரியாதை எப்படி வந்தது என்று பூசாரியைக் கேட்டேன்.

அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. கண் பார்வை மங்கல். கோயில் படியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஊட்டுக்காரி ஒருத்தி, தாலியறுத்தவ, சாமி. வெள்ளைச் சீலை. ஒரு பஞ்ச காலம். காட்டுல சோளத்தட்டு அறுக்கையில அருவா ஒரு கல்லுல பட்டுது. பாத்தா ஆத்தா. ஊருக்குள்ள ஓடிவந்து சொன்னா. நல்ல காரியத்துக்கு வெள்ளைச் சீலைக்காரி வாக்கு எதுக்குன்னு ஒருத்தனும் எந்திரிச்சுப் போவல. என்ன பண்ணுவா? ஊட்டுல இருந்த கை மாவைப் பெசஞ்சா. நெய்யி ஏது, வெளக்கெண்ணெயத்தான் ஊத்தினா. கொண்டு போயி அவளே வெச்சா. மூணு நாளு மழையும் காத்தும். வெளக்கு அணையலீங்க. அப்பறமேலுதான் ஊரு எந்திரிச்சு வந்துது. அதான் இன்னிக்கும் அந்த ஊட்டு வெளக்குக்கு அப்பறந்தான் ஊரு வெளக்கு."

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவளும் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். "இந்த ஊர்ல மாட்டுக்கு வேலையில்லைங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். 'கைம்பெண் ஒருத்தி' என்று தொடங்கினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். பிரஸ் வேலையில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, மங்கலக் காரியத்துக்கு அடிக்கிற காகிதத்தில் அமங்கலமாக ஒரு சொல் வரக்கூடாது என்பதுதான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய் கணவனை இழந்தவராக இருந்தால், அவர் அழைக்கிறதாகப் போட மாட்டோம். பெரியப்பாவோ மாமாவோ அழைக்கிறதாக மாற்றிப் போடுவோம். பெற்று வளர்த்தவளின் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் நிற்கும். இப்படி எத்தனை தாய்மார் பெயரை நான் மூலைக்கு நகர்த்தியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. யாரும் கேட்டதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. பழகிய கை அன்றைக்கும் அதையே செய்தது.

'கைம்பெண்' என்பதை அடித்துவிட்டு, மஞ்சள் முகமும் குங்குமப் பொட்டும் மடி நிறைந்த மக்களுமாக வாழ்ந்த ஒரு சுமங்கலி என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். அம்மன் அவள் கனவில் தோன்றி, 'மங்கலம் நிறைந்த உன் கையால் எனக்கு முதல் விளக்கு ஏற்று' என்று சொன்னதாகவும் எழுதினேன். அம்மன் வாயில் என் வார்த்தையை வைத்தேன். கடைசியில் வழக்கம்போல் 'என்பது பெரியோர் வாய்மொழி' என்று போட்டு முடித்தேன்.

கும்பாபிஷேகத்தன்று அந்தப் பக்கத்தை மைக்கில் வாசித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், எனக்குச் சால்வை போர்த்தி, "புலவர் ஐயா எழுதுனத அப்படியே கல்லுல வெட்டப் போறமுங்க" என்று அறிவித்தார். அப்படியே கருங்கல்லில் வெட்டி முன்மண்டபத்தில் பதித்தார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே வாசித்தாள். சுமங்கலி என்ற இடத்தில் அவள் விரல் கொஞ்சம் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மறுவருடமே பூசாரி இறந்துபோனார்.

நாலைந்து வருடம் போனது. ஒரு நாள் காலையில் ஒரு அம்மா மஞ்சப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது.

"ஏனுங்க, சாமி புஸ்தகம் எழுதறவரு ஊடு இதுங்களா?"

உள்ளே வரச் சொல்லி மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் அந்த ஊரின் பெயரைச் சொன்னார். முதல் விளக்கு எடுக்கிற வீட்டு மருமகள் தான்தான் என்றார். பையில் இருந்து என் மலரை எடுத்துப் பிரித்து வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு கோழி இறகு அடையாளத்துக்கு இருந்தது.

"என்ற ஊட்டுக்காரரு போயி ஒம்பது மாசமாச்சுங்க. காட்டுக்குப் போனவரு, நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான். இப்ப நோம்பி சாட்டியிருக்காங்க. மொத வெளக்கு நான் எடுக்கக் கூடாது, பங்காளி ஊட்டுல இருந்து எடுக்கட்டும்ங்கறாங்க. ஏன்னு கேட்டா இதைக் காட்டறாங்க."

நான் அந்த இறகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ற மாமியா வெள்ளைச் சீலையோட இருவது நோம்பிக்கு மேல எடுத்தாங்க. ஆத்தா ஒண்ணும் சொல்லல. ஊரும் ஒண்ணும் சொல்லல. மொதல்ல வெளக்கு வெச்சவளே வெள்ளைச் சீலைக்காரின்னுதான் அவங்க சொல்லுவாங்க. இதுல வேற மாதிரி போட்டிருக்குது. மங்கலமான கைதான் வேணும்னு ஆத்தாளே சொன்னதாட்டப் போட்டிருக்குது. இதை ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

அவர் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானே கற்பனையாக எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வருடமே அவர் விளக்கு எடுத்திருப்பார். அந்த நேரத்தில் என் கையில் மூன்று ஊர் வேலை இருந்தது. எல்லாம் அதே ஊர்க்காரர்களுக்குச் சொந்தபந்தம். ஒரு இடத்தில் பொய் என்று தெரிந்தால் எல்லா இடத்திலும் தெரிந்துவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"பெரியவங்க சொன்னதுதாங்கம்மா" என்றேன்.

"எந்தப் பெரியவருங்க?"

"உங்க ஊர்ப் பூசாரி."

"அவரா?" என்றார். "என்ற மாமியா தலையில இருந்து வெளக்கை எறக்கி வெச்சவரே அவருதானுங்களே."

நான் தரையைப் பார்த்தேன். அவர் மலரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பச் செரிங்க. அவரே சொல்லியிருந்தா ஆத்தா அப்படித்தான் சொல்லியிருப்பா. எம் மாமியாளுக்குப் பொறுத்துக்கிட்டவளுக்கு எனக்குப் பொறுக்க முடியல போல இருக்குது. போயிட்டு வாரேனுங்க. வாரேன் அம்மிணி."

அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் மனைவி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட வெள்ளைச் சீலைன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"செத்தவரு மேல பழியப் போட்டுட்டீங்களே."

அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் சாமி விளக்கு வைக்கும்போது, "நீங்க வெளில இருங்க" என்றாள். அவ்வளவுதான். கல்யாணமான நாளில் இருந்து இருவரும் சேர்ந்துதான் கும்பிடுவோம்.

அந்த வருட நோம்பியில் பங்காளி வீட்டு விளக்குத்தான் முதலில் போனது. அடுத்த வருட நோம்பிக்கு நான் போனேன். மேளம் முன்னால் வர, இளவயதுப் பெண் ஒருத்தி நிறையப் பூ வைத்துக்கொண்டு முதல் விளக்கை எடுத்து வந்தாள். நல்ல பெண். அவள் மேல் என்ன தப்பு? அந்த அம்மா கூட்டத்துக்குப் பின்னால், தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்றிருந்தார். கையில் விளக்கு இல்லை. எல்லாப் பெண்களும் முட்டி மோதிக்கொண்டு விளக்குப் பற்ற வைக்கிறபோது, அவர் உடைந்த தேங்காய்ச் சில்லுகளைக் குனிந்து பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார், யார் காலிலும் குத்திவிடாமல் இருக்க. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டேன். அம்மனைப் பார்க்காமலே பஸ் ஏறினேன்.

ஒரு மாதம் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனேன். கோயில் மண்டபத்தில்தான் இருந்தார், அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே. கூட இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"தலைவரே, ஒரு சங்கதிங்க. இந்தக் கல்லுல இருக்கறது பூசாரி சொன்னது இல்லீங்க. மங்கலமா இருக்கட்டும்னு நானா மாத்தி எழுதினதுங்க. மொத வெளக்கு வெச்சது தாலியறுத்த ஒரு அம்மா."

தலைவர் சிரித்தார். "எழுதுனவருக்கே மறந்து போச்சாட்ட இருக்குது" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு தூணில் சாய்ந்திருந்த ஒரு வயதானவரைக் கூப்பிட்டார். "ஏனுங் மாமா, மொத வெளக்கு ஆரு வெச்சாங்க, சொல்லுங்க பாப்போம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மஞ்ச மொகமும் குங்குமப் பொட்டும் மடி நெறஞ்ச மக்களுமா ஒரு மவராசிங்க" என்று ஆரம்பித்தார். என் வரி. ஒரு சொல் பிசகவில்லை. "எங்கய்யன் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கறன் சாமி, சின்னப் பையனா இருக்கையில."

"ஐயா, அது நான் எழுதினதுங்க" என்றேன்.

"நீ எழுதறதுக்கு மிந்தியே எங்கய்யன் சொன்னாரு" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் அவருக்கு ஞாபகம்.

தலைவர் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்க, புலவரே. இப்பப் போயி இதை மாத்துனா, பங்காளி ஊட்டுக்காரன் ரெண்டு நோம்பி எடுத்த வெளக்குத் தப்புன்னு ஆவுது. அவன் உடுவானா? அடுத்த நோம்பி நடக்காது. போலீசு வந்து கோயிலப் பூட்டும். ஒரு பொம்பளைக்காவ ஊரு ரெண்டாவணுமா? நீங்க உங்க பொழப்பப் பாருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. அங்கிருந்து நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன்.

அவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், என் வீட்டில் வைத்து என்ன பொய் சொன்னேன், எல்லாம். அவர் கை நிற்கவில்லை. உரித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உரித்தார்.

"ரெண்டு வருசமா ஆத்தாளுக்கு என்னைப் புடிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். "ஊட்டுக்காரரு போனப்பக் கூட நான் அப்படி நெனைக்கல. போற காலம் வந்துது, போயிட்டாருன்னு இருந்தேன். வெளக்கு வேண்டாம்னு சொன்னப்பத்தான், நான் என்னமோ பாவம் பண்ணியிருக்கறேன், அதான் அவரையும் எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்கங்கம்மா. தலைவர்கிட்டச் சொல்லிட்டேன். அவர் ஒத்துக்க மாட்டேங்கறார்."

"வாயில சொன்னா ஆரு ஒத்துக்குவாங்க?" என்றார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "எழுதித்தான எங்கிட்ட இருந்து வெளக்க எடுத்தீங்க? எழுதியே குடுங்க. அச்சடிச்சுக் குடுங்க. அதை எடுத்துக்கிட்டு நான் ஊட்டுக்கு ஊடு போறன்."

அடுத்த நோம்பிக்குள் எழுதித் தருகிறேன் என்று அம்மன் பேரில் சொன்னேன். போகும்போது, "மோரு குடிச்சுட்டுப் போங்க, வெயிலா இருக்குது" என்றார். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

எழுதவில்லை. அந்த வருடம் பெரிய கோயில் ஒன்றின் வேலை வந்தது. அடுத்த வருடம் மகன் கல்யாணம். மங்கலக் காரியத்துக்கு நடுவில் வேண்டாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த வருடம் ஏன் எழுதவில்லை என்று சொல்லக் காரணம்கூட என்னிடம் இல்லை. ஒரு தடவை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரை எதிரில் பார்த்துவிட்டேன். ஒதுங்க இடம் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எழுதியாச்சுங்களா?" என்று கேட்டார்.

"எழுதிட்டே இருக்கறேம்மா. பாதி முடிஞ்சுது."

"நல்லா நெதானமா எழுதுங்க. இந்த நோம்பிக்கு முடியாட்டி அடுத்த நோம்பிக்கு ஆவட்டும். தப்பு வரக்கூடாது பாருங்க" என்றார்.

அப்போது என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

போன ஐப்பசியில் ஒரு காலையில் பிரஸ்காரர் போன் செய்தார். "அண்ணா, ஒரு கண்ணீர் அஞ்சலி. மழைல பசங்க போஸ்டர் ஒட்டணும், அவசரம். வழக்கமா எழுதறாப்பல ரெண்டு வரி சொல்லுங்க. போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க."

வாட்ஸப்பைத் திறந்தேன். அந்த அம்மா. மகள் கல்யாணத்தில் எடுத்த பழைய போட்டோ போல. நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்ததே இல்லை.

எத்தனையோ ஆயிரம் பேருக்கு அஞ்சலி எழுதியவன். குலவிளக்கே, தெய்வமே, ஆலமரமே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு ஒரு சொல் வரவில்லை. போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரஸ்காரர் வேறு யாருக்கோ எழுதியிருந்த வரியைப் போட்டு அடித்துக்கொண்டார்.

கருமாதி முடிந்த பிறகு இருவரும் துக்கம் கேட்கப் போனோம். மகள் இருந்தாள், ஆட்டையாம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தவள். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நோம்பி அன்னிக்கு அம்மா கோயிலுக்குப் போறத உட்டுட்டாங்க" என்றாள். "ஊர் மேளம் கேக்கறப்ப, கதவச் சாத்திக்கிட்டு உள்ளார ஒரு வெளக்கு வெப்பாங்க. ஆருக்கும் சொல்லக் கூடாதும்பாங்க. ஏம்மா சாத்தறே, வெச்சா என்னன்னு கேப்பேன். மொதல்ல ஊரு வெளக்கு வெக்கட்டும், அப்பறந்தான் நம்முளுதும்பாங்க."

பிறகு, "எனக்கு இந்தக் கோயில் இல்லீங்களே. நான் கட்டிக்கிட்டுப் போன ஊட்டுக்கு வேற சாமி" என்றாள். அண்ணன் தம்பி இல்லாத பெண். அந்த வீட்டுக்கு இனி மருமகள் வரப்போவதில்லை. இப்போது நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் அந்த விளக்கை எடுக்க அங்கே ஆள் இல்லை. இதைச் சொல்லத்தான் அவள் அப்படிச் சொன்னாளா, சும்மா சொன்னாளா, தெரியாது.

வருகிற தை மாதம் அந்தக் கோயிலுக்கு மறுபடியும் கும்பாபிஷேகம். மலர் போடுகிறார்கள். வரலாறு மாற்ற வேண்டாம், பழையதே போதும், தேதியையும் போட்டோக்களையும் மட்டும் மாற்றுங்கள் என்று தலைவர் சொல்லிவிட்டாராம். நான் பூசாரி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரஸ்ஸில் கொடுத்தேன். கமிட்டி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இதைத் தனியாக எழுதினேன். எழுதியதைப் பிரஸ்காரருக்குக் காட்டினேன். முழுவதும் வாசித்தார். அவரும் நல்ல மனிதர்தான்.

"அண்ணா, அடிச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு. தாலியறுத்தவ, வெள்ளைச் சீலைன்னு நெறைய எடத்துல வருது. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. ஒரு புண்ணியவதின்னு பொதுவாப் போட்டுருவமா? விசயம் மாறாது."

நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தாளை வாங்கிக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். போனில் அனுப்புங்கள். அந்த ஊர்க்காரர் யாராவது உங்களுக்குச் சொந்தமாக இருந்தால், படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்களில் நெற்றி வெறுமையாக, நோம்பிக்குப் போகாமல் வீட்டுக்குள் இருக்கிற அம்மாக்களுக்கு முதலில் காட்டுங்கள். ஆனால் எதையும் மாற்றிவிடாதீர்கள். நீளமாக இருக்கிறது என்று குறைக்க வேண்டாம். அம்மன் என்னைத் தண்டித்தாள், பிறகு மன்னித்தாள் என்று யாரும் சேர்க்க வேண்டாம். அவள் இதுவரை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் விளக்கு வைத்தவள் கணவனை இழந்தவள், அவள் கட்டியிருந்தது வெள்ளைச் சீலை, பூசாரி என்னிடம் சொன்னது அதுதான். எழுதியிருக்கிறபடியே படித்து, எழுதியிருக்கிறபடியே அடுத்தவர் கையில் கொடுங்கள்.